முகத்தை மறைத்த படம்

ஜூன் 9, திங்கள்

இன்றுதான் வேலை முறையாகத் தொடங்கியது. அறக்கட்டளை மாடியில் சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. சுற்றுவதைவிட முனகுவதுதான் அதிகம். பாளையங்கோட்டை வைகாசி மாதக் காற்று ஜன்னல் வழியாக வந்து அந்தக் குறையைத் தீர்த்தது, கூடவே ஒரு படி மண்ணையும் கொண்டுவந்து போட்டது.

டாக்டர் பிரபாவதி சென்னையிலிருந்து வந்திருக்கிறார். மனநல மருத்துவத்தில் இருபது வருடம். காது கேளாதவர்களோடு பழகிய அனுபவம் சுத்தமாகக் கிடையாது என்று அவரே சொன்னார். ஒப்புக்கொண்டாரே, அதற்காகவே எனக்குப் பிடித்துப்போனது. சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள், நர்சுகள், விடுதிக் காப்பாளர்கள், என்னைப் போன்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் என்று காது கேளாதவர்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் ஐந்து நாள் மனநலப் பயிற்சி. அதற்குக் கையேடும் பாடமும் நாங்கள் தயாரிக்க வேண்டும். மனசு சரியில்லாத காது கேளாதவரை அடையாளம் காண்பது எப்படி, கேட்பது எப்படி, யாரிடம் அனுப்புவது. இந்த மாவட்டத்தில் இதுவரை யாரும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

இயக்குநர் தேவசகாயம் சார் எல்லோர் முன்னாலும், "சுகிர்தா இல்லாம இந்தப் பயிற்சியே இல்ல" என்றார். கையேட்டு அட்டையில் டாக்டர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் வரும். சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவைத்துக்கொள்கிறேன், இப்படிப்பட்ட நாட்கள் எனக்கு அதிகம் வருவதில்லை.

ஜூன் 12, வியாழன்

டாக்டர் கொண்டுவந்த கேள்வித்தாளில் மூன்றாவது கேள்வி: 'பக்கத்தில் யாரும் இல்லாதபோது உங்கள் காதில் குரல்கள் கேட்கின்றனவா?' நான் சிரித்துவிட்டேன். டாக்டர் முகம் சுருங்கியது. பிறகு அவரும் கேள்வியை இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இதைத்தான் வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்கோமா?"

"எங்க அப்பாட்ட கேட்டீங்கன்னா, கேட்டா நல்லாத்தான் இருக்கும்னு சொல்வாரு டாக்டர்" என்றேன்.

அப்பாவும் அம்மாவும் காது கேளாதவர்கள். எனக்கு முதலில் பேச வந்தது கை, அப்புறம்தான் வாய். அம்மா போய் ஏழு வருடமாகிறது. அப்பா ஞானமுத்து, அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டு மதியம் ரெண்டு லட்டு சாப்பிட்டிருக்கிறார். கேட்டால், பக்கத்து வீட்டில் வளைகாப்பு, வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை என்கிறார். அவருக்குச் சொல்ல முடியாத வார்த்தையே கிடையாது, வேண்டாம் என்பதைத் தவிர.

ஜூன் 17, செவ்வாய்

பாடம் வறட்டுத்தனமாக இருக்கிறது என்கிறார் டாக்டர். "உண்மையா அனுபவிச்ச ஒருத்தர் சொல்லணும் சுகிர்தா. அப்பத்தான் நர்சு மனசுல நிக்கும்."

எனக்கு உடனே வடிவு ஞாபகம்தான் வந்தது. வாயைத் திறக்கவில்லை. மாலை பஸ்ஸில் வரும்போதும் அவள்தான் மனதில் ஓடினாள்.

சண்முகவடிவு. மேலப்பாளையம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். முப்பத்து மூன்று வயது. அவளுக்கும் காது கேட்காது, அவள் புருஷன் சுடலைக்கும் கேட்காது. நான்கு வருடத்துக்கு முன்னால் பிள்ளை பெற்ற பிறகு அவள் மனது உடைந்துபோனது. மருத்துவமனைக்கு நான்தான் கூடப் போனேன். பதினான்கு முறை. அங்கிருந்த டாக்டரிடம் அவள் சொன்னதெல்லாம் என் வாய் வழியாகத்தான் போனது. அதில் ஒரு விஷயம் அவள் புருஷனுக்குக்கூடத் தெரியாது. அதை நான் இங்கே எழுதக்கூடாது.

ஜூன் 21, சனி

வடிவு கடைக்குப் போனேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது தன்ஷிகா துணிக்கழிவைச் சுற்றிப் பொம்மை செய்துகொண்டிருந்தது. அது காது கேட்கிற பிள்ளை. என்னிடம் வாயாலும் அவளிடம் கையாலும் ஒரே மூச்சில் பேசுகிறது. சின்ன வயதில் நான் இருந்த மாதிரியே.

கை பேசியதை நான் வாய்ப்பேச்சாக எழுதுகிறேன், வேறு வழியில்லை.

"அது எதுக்குக்கா இப்ப? முடிஞ்சுபோன கத" என்றாள்.

"உன்ன மாதிரி நெறைய பேரு இருக்காவ வடிவு. நர்சுக்குத் தெரியாது, டீச்சருக்குத் தெரியாது. நீ சொன்னா தெரியும்."

"என் பேரு வருமா?"

"வராது. நீ சொல்லுதத நான் படமா எடுப்பேன், பாத்து எழுதுததுக்கு மட்டும். எழுதி முடிச்சதும் அழிச்சிருவேன். வேற ஒருத்தி நடிப்பா, ஊரு பேரெல்லாம் மாத்தி."

"யாரும் பாக்கமாட்டாவளே?"

"நீயும் நானுந்தான்."

அவள் கொக்கியைப் பல்லில் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். எனக்காகத்தான் சரி என்றாள் என்று தெரிந்தது. நட்பு என்றால் அதுதானே.

ஜூன் 24, செவ்வாய்

அறக்கட்டளை மாடியில் படம் எடுத்தோம். டாக்டரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டேன். அறையில் வடிவும் நானும் கேமராவும்தான்.

நாற்பது நிமிடம் சொன்னாள். பிள்ளைக்கு மூன்றாவது மாதம். திருநெல்வேலி ஜங்ஷன் ரயில் நிலையம். பிள்ளையைப் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு நடந்து வெளியே வந்திருக்கிறாள். பத்து நிமிடம். அப்புறம் ஓடிப்போய் எடுத்துக்கொண்டாள். பிள்ளை அழுதுகொண்டிருந்ததா தூங்கிக்கொண்டிருந்ததா என்று அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை. எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டு எழுதிவிட்டேன். இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்.

சம்மதப் படிவம் ஆறு பக்கம். சுருக்கமாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அவளுக்கு ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் போய்க் கூப்பிட வேண்டும்.

ஜூன் 25, புதன்

படத்தை டாக்டரிடம் கொடுத்தேன், கதை எழுதத்தான். சிலிண்டர் வந்தது.

ஜூலை 3, வியாழன்

நடிக்க வந்த பெண் சரியில்லை. அழுகிற இடத்தில் கேமராவைப் பார்த்துக்கொள்கிறாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். சென்னையிலிருந்து அதிகாரி பதினெட்டாம் தேதி பயிற்சியைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் ஆறு மாவட்டத்துக்கு இதே பயிற்சி. தேவசகாயம் சார் மாடிக்கும் கீழுக்குமாக அலைகிறார். "மூணாம் நாளு பாடம் மட்டும் கனமா இருந்துட்டா போதும் சுகிர்தா. அதுக்கப்புறம் ஆறு மாவட்டத்துக்கும் நீங்கதான் தலைமை."

ஏதாவது வழி பார்க்கிறேன் என்றார் டாக்டர். அது அவர் பாடு.

'மனச்சோர்வு' என்பதற்குச் சைகை எது என்று மூன்று நாளாக ஊரிலிருக்கிற காது கேளாதவர்களையெல்லாம் கேட்டுப் பட்டியல் போட்டு முடித்தேன். பதினொரு சைகை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. கையேட்டில் எல்லாவற்றையும் போட்டாகிவிட்டது. டாக்டர் பிரமித்துப்போனார்.

ஜூலை 11, வெள்ளி

தேர் முடிந்தும் டவுனில் கூட்டம் குறையவில்லை. பஸ்ஸில் நின்றே வந்தேன்.

மூன்றாம் நாளுக்கான பாடத்தை டாக்டர் அனுப்பியிருந்தார். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தேன். அப்பா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். ஏதோ கேட்டார். பதில் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடி, இட்லி எடுத்து வைத்தேன். அப்பா சட்னியைத் தொடவே இல்லை. உப்பு கூடிவிட்டதோ என்னவோ.

டாக்டருக்கு 'சரி, நன்றாக இருக்கிறது' என்று பதில் போட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

பயிற்சியின் மூன்றாம் நாள். முப்பத்திரண்டு பேர். அதில் மூன்று பேர் காது கேளாதவர்கள், அவர்களுக்காக நான் முன்னால் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சென்னை அதிகாரி முதல் வரிசையில். டாக்டர் விளக்கை அணைத்தார். திரையில் வடிவு.

நடிக்க வந்த பெண் இல்லை. வடிவேதான். முகத்தை மட்டும் கட்டம் கட்டமாகக் கலைத்திருந்தார்கள். கூடவே டாக்டருடைய குரலில் கதை ஓடியது, பெயர் 'செல்வி' என்று மாற்றி.

காது கேட்கிறவர்களுக்கு முகம் மறைந்தால் ஆள் மறைந்துபோகிறார். காது கேளாதவர்களுக்கு ஆள் கையில் இருக்கிறார். குரலைக் கேட்டால் நமக்கு அடையாளம் தெரிகிறதே, அதுபோல. வடிவு இடது கைக்காரி. சைகையை நெஞ்சை ஒட்டிச் சின்னதாகப் போடுவாள், சுண்டு விரல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும், ஒரு விஷயம் முடிந்ததும் உள்ளங்கையை இடுப்பில் துடைப்பாள். இந்த ஜில்லாவில் சைகை தெரிந்த எவருக்கும் அரை நிமிடம் போதும்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. பள்ளி ஆசிரியர் இசக்கி, அவரும் காது கேளாதவர், எழுந்து நின்று பக்கத்திலிருந்த இரண்டு பேரிடமும் கையை ஆட்டினார். "வடிவு. தையக்கார வடிவு." திரையில் அவள் பிள்ளையைப் பெஞ்சில் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இப்படிச் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நம்பிக் கொடுத்தேன். கழுத்தறுத்துவிட்டார்.

அதிகாரி கைதட்டினார்.

ஜூலை 19, சனி

டாக்டரிடம் நேரே போய்க் கேட்டேன்.

"முகம் தெரியலையே சுகிர்தா. பேரும் மாத்தியாச்சு. எல்லா இடத்துலயும் இப்படித்தானே செய்யறோம்."

"கை தெரியுதே டாக்டர்."

"கையை வச்சு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் உடனே பீரோவைத் திறந்து படிவத்தை எடுத்துப் போட்டார். நான்காம் பக்கம்: 'அடையாளம் மறைத்துப் பயிற்சி வகுப்புகளில் காட்டச் சம்மதிக்கிறேன்.' கீழே வடிவின் கையெழுத்து. அதற்கும் கீழே: 'மேற்கண்ட அனைத்தையும் சைகை மொழியில் விளக்கினேன்.' என் கையெழுத்து.

"நீங்க விளக்கினீங்கதானே?"

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாக என் பக்கம் தள்ளிவிட்டார். ஆறு வாரம் ஒரே அறையில் உட்கார்ந்து என் கையால் காபி வாங்கிக் குடித்தவர். படிவத்தை அச்சடித்தது அவர். படத்தைப் போட்டது அவர். வேலை முடிந்ததும் நான் யாரோ.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வடிவு வீட்டுக்குப் போனேன்.

தன்ஷிகா இல்லை. நேற்றுக் காலையில் சுடலையின் அம்மா சங்கரன்கோவிலிலிருந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவளிடம் பேத்தியை எப்படி விட்டு வைப்பது என்றாளாம். காது கேளாதோர் சங்கத்துக்காரர்கள் எல்லோருடைய போனிலும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் செய்தி போயிருக்கிறது. சுடலைக்கு அதில்தான் தெரிந்திருக்கிறது. தன்னிடம் சொல்லாததை ஊருக்குச் சொன்னாள் என்பதுதான் அவன் கோபம். மூலையில் உட்கார்ந்து எங்கள் இருவர் கையையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வடிவு அழவில்லை. தையல் மெஷின் மேல் பிள்ளையின் ரிப்பன் கிடந்தது, அதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அழிக்கலியாக்கா?"

"டாக்டர்ட்ட குடுத்தேன் வடிவு. அவங்க செஞ்ச வேல. எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாள். எனக்கென்று ஒருத்தியாவது இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 23, புதன்

சுடலை கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறான். அறக்கட்டளை ஒரு கடிதம் தரவேண்டும் என்கிறான்: வடிவுக்கு அப்போது உடம்புக்கு முடியாமல் இருந்தது, வைத்தியம் பார்த்துக் குணமாகிவிட்டது, படத்தை ஊரில் காட்ட அவள் சம்மதிக்கவே இல்லை, தவறு எங்களுடையது. அதை வாங்கிக் கொடுத்தால் அம்மாவிடம் காட்டிப் பிள்ளையைக் கூட்டிவந்துவிடுகிறானாம். அவன் மனது ஆறவும் அது வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தேவசகாயம் சார் படிவத்தைத் தட்டிக் காட்டினார். "நாலாம் பக்கத்துல கையெழுத்து இருக்கே. அவ வெளங்கிக்கிட்டுத்தான் போட்டான்னு நீங்களும் போட்டிருக்கிய. பொறவு எப்பிடிச் சம்மதிக்கலன்னு நான் எழுதிக் குடுப்பேன்? வேணும்னா வருத்தப்படுதோம்னு எழுதலாம்."

வருத்தத்தை வைத்து வடிவு என்ன செய்வாள்? ஆக, எல்லாம் அந்த நான்காம் பக்கத்தில் வந்து நிற்கிறது. டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது.

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

ஜூலை 26, சனி

அப்பா காலையிலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கேட்டதற்கு மாத்திரை வாங்க என்றார். மூன்று மணிக்குத்தான் வந்தார், மாத்திரை இல்லாமல்.

"எங்க போனீங்க?"

"வடிவப் பாக்க."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளத."

அதற்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெற்ற மகள் பக்கம் நிற்காமல், ஊர்க்காரி பக்கம் போய் நிற்கிறார். நாற்பத்தொரு வருடம் இந்த மனிதருக்கு நான்தான் காது. பேங்க், ஆஸ்பத்திரி, கரண்ட் ஆபீஸ், அம்மாவின் சாவு, எல்லாவற்றுக்கும் நான்தான் வாய். அதற்கு இது கூலி.

அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெரிய பாடுபட வேண்டாம், கையை மடக்கிக்கொண்டால் போதும்.

ஜூலை 30, புதன்

வடிவு கேட்டதால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். தேவசகாயம் சார், டாக்டர், வடிவு, சுடலை. சம்பந்தப்பட்டவள் என்பதால் நான் மொழிபெயர்க்க வேண்டாம், மதுரையிலிருந்து ஆளை வரவழைக்கிறேன் என்று சார் வடிவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். வடிவு மறுத்துவிட்டாள். 'சுகிர்தா அக்கா வேண்டும். வேறு ஆள் வேண்டாம்.' போனில் காட்டினார்.

வாசித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா என்ன சொல்லியிருந்தாலும் அவள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. மன்னித்துவிட்டாள்.

நீலப் புடவையை இஸ்திரிக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாருடைய அறை. வடிவும் சுடலையும் ஒரு பக்கம், சாரும் டாக்டரும் எதிர்ப்பக்கம். நான் சாருக்குப் பக்கத்தில், வடிவுக்கு நேர் எதிரே. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கை பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவள் இப்படிச் சொல்கிறாள்' என்று விலகி நிற்கக்கூடாது. சொல்வதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நான் பதினெட்டு வருடமாகச் செய்கிற வேலை.

வடிவு உள்ளங்கையை இடுப்பில் துடைத்துவிட்டு ஆரம்பித்தாள். நான் சத்தமாகச் சொன்னேன்.

"நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சிருக்கேன். ஆறு பக்கம் வாசிச்சா எனக்குப் புரியாது. சுகிர்தா அக்கா எனக்குச் சொன்னது ரெண்டு விஷயம். எழுதுததுக்கு மட்டும் படம். எழுதுனதும் அழிச்சிருவேன். நான் அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

சார் என்னைப் பார்த்தார். நான் வடிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் அடுத்த வார்த்தை போய்விடும்.

"டாக்டர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவங்களுக்குக் கையப் பத்தித் தெரியாது. முகத்த மறைச்சா போதும்னு நெனச்சுட்டாங்க. சுகிர்தாவுக்குத் தெரியும். அவ எங்க வீட்டுப் பிள்ள மாதிரி, எங்க கையிலயே வளந்தவ."

அக்கா போய்விட்டது. அதையும் அப்படியே சொன்னேன்.

"பயிற்சிக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி படத்த அவகிட்ட அனுப்பியிருக்காங்க. அவ வீட்டுல வச்சுப் பாத்திருக்கா. அவ அப்பா பின்னால வந்து நின்னு கையப் பாத்துட்டு..."

நிறுத்திவிட்டேன். வடிவின் கை ஓடிக்கொண்டிருந்தது, நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கையை நிறுத்தினாள். காத்திருந்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடியும், மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோலப் போட்டாள். என்னை ஏன் கேட்டு வாங்கினாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"...கையப் பாத்துட்டு, இது வடிவுதானேன்னு கேட்டாரு. அவ இல்ல, இது வேற ஊருப் பொண்ணுன்னு சொல்லி மூடிட்டா."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "சுகிர்தா, நீங்க எனக்கு நல்லா இருக்குன்னுதானே..."

அதையும் வடிவுக்குக் கையால் சொன்னேன். இரண்டு பக்கமும் சொல்வதுதானே வேலை.

வடிவு என்னை நோக்கி நேராகக் கேட்டாள். இப்போது சாரிடம் இல்லை, என்னிடம். "படத்தப் பாத்ததும் நான்னு தெரிஞ்சுதா? என் பிள்ளைய யாராவது தூக்கிட்டுப் போவாவன்னு தோணிச்சா?"

இதையும் நான் சத்தமாகச் சொல்லி முடித்தேன். பதில் சொல்ல வேண்டியது நான். நாலாம் பக்கம் அப்படியே நிற்க வேண்டுமென்றால் 'தெரியவில்லை' என்று ஒரு சைகை போதும். இரண்டு விரல் வேலை. ஆறு மாவட்டமும் அட்டையில் பெயரும் என்னிடமே இருக்கும், தன்ஷிகா சங்கரன்கோவிலில் இருப்பாள். அந்த நேரத்திலும் நான் அதைக் கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

கையால் சொன்னேன். பிறகு வாயாலும் சொன்னேன்.

"தெரிஞ்சுது. முத நிமிஷமே தெரிஞ்சுது. பிள்ளைய நெனச்சேன். உன் கத இல்லாம பாடம் நிக்காதுன்னு பேசாம இருந்துட்டேன். அதிகாரி வாராரு, என் பேரு அட்டையில வரும்னு இருந்துட்டேன். நாலாம் பக்கத்த நான் உனக்குச் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா நீ போட்டிருக்க மாட்ட."

தேவசகாயம் சார் பேனாவை எடுத்தவர் குழம்பிப்போய் நிமிர்ந்தார். "இருங்க. இது யாரு சொல்லுதது? வடிவா?"

"இல்ல சார்" என்றேன். "இது நான். சுகிர்தா."

அவர் எழுதிக்கொண்டார்.

கடிதம் தட்டச்சாகி வர அரை மணி நேரம் ஆனது. சுடலைக்கும் வடிவுக்கும் ஒவ்வொரு வரியாகக் கையால் படித்துச் சொன்னேன், இந்தத் தடவை எதையும் விடாமல். படத்தை எல்லா இடத்திலிருந்தும் அழிக்கிறோம் என்ற வரியை டாக்டர் தானே கேட்டுச் சேர்த்தார். வடிவு கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். சுடலை அவள் தோளைத் தொட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றான். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. இருவரும் போனார்கள். வடிவு என் பக்கம் திரும்பவில்லை.

அடையாள அட்டையைக் கழற்றிச் சார் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தன்ஷிகா வந்துவிட்டாள். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பாட்டி வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி இருந்ததாம், அதைக் கொண்டுவரவில்லை என்று வந்ததிலிருந்து அழுகிறதாம். வடிவு அதை இடுப்பை விட்டு இறக்கவில்லையாம்.

எட்டு நாளைக்குப் பிறகு இன்றுதான் அப்பாவோடு பேசுகிறேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

அப்பா கையிலிருந்த துண்டைக் கொடியில் போட்டார்.

"உன்னப் பத்திக் கேக்கல. இந்த ஒரு வாரமா தூக்கமே இல்லையாம். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டரப் பாக்கணும்னு சொன்னா. கூட யாரு வருவான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இந்த ஊரில் என்னை விட்டால் சைகை மொழிபெயர்க்க வேறு யாரும் கிடையாது.